சொகுசுக் கப்பலில் சாப்பாட்டின் தரம் குறைந்துவிட்டதா? பயணிகள் ஏன் எதிரெதிராகப் பேசுகிறார்கள்?

சொகுசுக் கப்பலில் போய்வந்தவர்களிடம் சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரே கப்பலில், ஒரே வாரத்தில் போன இரண்டு குடும்பங்களில் ஒன்று ‘வகைவகையாகச் சாப்பிட்டோம், குறையே இல்லை’ என்று சொல்லும். இன்னொன்று ‘பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்ததில் பாதிகூட இல்லை’ என்று சலித்துக்கொள்ளும். கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் கப்பல்கள் மறுபடி கிளம்பியதிலிருந்து இந்தச் சலிப்பு கூடியிருக்கிறது. அதே காலத்தில் கப்பல்கள் நிரம்பி வழிகின்றன என்பதுதான் வெளியிலிருந்து பார்ப்பவரைக் குழப்புகிறது.

இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. கப்பல் முழுக்கத் தரம் சரியவில்லை. டிக்கெட் விலைக்குள் அடங்கிய பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில், அதுவும் இரவுச் சாப்பாட்டில், அது இறங்கியிருக்கிறது. கூடுதல் பணம் கட்டிச் சாப்பிடும் இடங்களிலும் சாதாரணத் துரித உணவுக் கடைகளிலும் பல கப்பல்களில் முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்துப் பயணிகளின் தீர்ப்பு மாறுகிறது. இது எப்படி நேர்ந்தது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். பேச்சு பெரும்பாலும் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கரீபியன் கடலுக்குப் போகும் பெரிய கப்பல்களைப் பற்றியது. இந்தத் தொழிலின் மையம் அங்கேதான் இருக்கிறது.

டிக்கெட்டில் எந்தச் சாப்பாடு அடக்கம்?

பெரிய கப்பல் ஒன்றில் சாப்பிட நான்கு வகை இடங்கள் உண்டு.

1. மெயின் டைனிங் ரூம். கப்பலின் பெரிய சாப்பாட்டுக் கூடம். மேசையில் உட்கார்ந்தால் பரிமாறுபவர் மெனு அட்டை தருவார். முதலில் சூப் அல்லது சாலட், அடுத்து முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு என்று வரிசையாக வரும். டிக்கெட்டில் அடக்கம்.

2. பஃபே. பெரும்பாலும் மேல்தளத்தில் இருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். இதுவும் அடக்கம்.

3. சிறு கடைகள். பீட்ஸா, பர்கர், சாண்ட்விச், ஐஸ்கிரீம் போன்றவை. பெரும்பாலானவை இலவசம்.

4. ஸ்பெஷாலிட்டி உணவகம். ஸ்டேக், சுஷி, இத்தாலிய உணவு என்று ஏதாவது ஒன்றில் தேர்ந்த தனி உணவகம். தலைக்கு இவ்வளவு என்றோ, உணவுக்கு இவ்வளவு என்றோ தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதன்மேல் சேவைக் கட்டணமும் சேரும்.

‘கப்பல் சாப்பாடு மோசம்’ என்று யாராவது சொன்னால் இந்த நான்கில் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் முதலாவதைத்தான் சொல்வார்.

முன்பு எப்படி இருந்தது, எது மாறியது?

ஒரு தலைமுறைக்கு முன்னால் சொகுசுக் கப்பலில் இரவுச் சாப்பாடு என்றால் மெயின் டைனிங் ரூம்தான். முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று இரண்டு நேரம் வைத்திருப்பார்கள். பயணம் முடியும்வரை ஒருவருக்கு ஒரே மேசை, எதிரே அதே முகங்கள், பரிமாறுவதும் அதே ஆள். இரண்டாம் நாளே அவருக்கு உங்கள் பெயரும் உங்களுக்குக் காரம் ஆகாது என்பதும் தெரிந்துவிடும். உள்ளறைக் கேபினில் தூங்குபவரும் பால்கனி அறையில் தூங்குபவரும் ஒரே மெனுவிலிருந்துதான் சாப்பிட்டார்கள். நள்ளிரவில் பனிக்கட்டிச் சிற்பங்களோடு பஃபே வைத்த கப்பல்களும் இருந்தன. இன்று அது ஏறத்தாழ மறைந்துவிட்டது.

இந்த ஏற்பாடு படிப்படியாகக் கலைந்தது.

1. நார்வீஜியன் க்ரூஸ் லைன் என்ற கப்பல் நிறுவனம் 2000-ல் ‘ஃப்ரீஸ்டைல்’ முறையைக் கொண்டுவந்தது. குறித்த நேரம், குறித்த மேசை எதுவும் கிடையாது. பிடித்த நேரத்தில் பிடித்த உணவகத்துக்குப் போகலாம். மற்ற நிறுவனங்களும் வெவ்வேறு அளவில் இதைப் பின்பற்றின. பயணிகளுக்கு இது பிடித்திருந்தது. தனிக் கட்டண உணவகங்கள் பெருகவும் இதுவே வழிவிட்டது.

2. இலவசமாக இருந்தவற்றுக்கு விலை வந்தது. அறைக்குச் சாப்பாடு வரவழைக்க நார்வீஜியன் 2015-லும் ராயல் கரீபியன் 2017-லும் 7.95 டாலர் வசூலிக்கத் தொடங்கின. இன்னொரு பெரிய நிறுவனமான கார்னிவல், மெயின் டைனிங் ரூமில் மூன்றாவது முக்கிய உணவு கேட்டால் 5 டாலர் வசூலிக்கத் தொடங்கியது. தொகை சின்னதுதான். ஆனால் ‘எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்ற பழைய வாக்குறுதியில் கைவைத்ததாகவே பழைய பயணிகள் இதைப் பார்த்தார்கள்.

3. மெனு சுருங்கியது. ராயல் கரீபியன் 2023-ன் தொடக்கத்தில் மெயின் டைனிங் ரூம் மெனுவை மொத்தமாக மாற்றியது. இத்தாலிய இரவு, பிரெஞ்சு இரவு, மெக்ஸிகன் இரவு என்று நாளுக்கொரு பாணி, வகைகளின் எண்ணிக்கை குறைவு. பிரெஞ்சு வெங்காய சூப், இறால் காக்டெய்ல் (சாஸோடு தரும் குளிர்ந்த இறால்) போல எல்லா இரவும் கிடைத்தவை சில இரவுகளுக்கென்று ஆகின. சாப்பாடு சீக்கிரம் முடியும், சூடாக வரும் என்பது நிறுவனம் சொன்ன காரணம். இரண்டு மணி நேரம் மேசையில் காத்திருக்கும் பொறுமை குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் இத்தாலிய உணவு பிடிக்காதவருக்கு இத்தாலிய இரவில் தேர்ந்தெடுக்க அதிகம் இருப்பதில்லை.

4. பரிமாறும் கைகள் குறைந்தன. ஒருவர் கவனிக்கும் மேசைகள் கூடின. பழைய பயணிகளின் மனக்குறைகளில் இது பெரியது. உணவின் ருசி குறைந்ததாக அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் இதைப் பற்றியதுதான் என்று நினைக்கிறேன். நன்றாகச் சமைத்த மீன் பத்து நிமிஷம் தாமதமாக மேசைக்கு வந்தால் அது ஆறிய மீன்.

பணக் கணக்கு சொல்வது என்ன?

‘கொரோனாவில் வந்த நஷ்டத்தை ஈடுகட்டச் சாப்பாட்டில் கை வைத்துவிட்டார்கள்’ என்பது பரவலான குற்றச்சாட்டு. பின்னணி தெளிவானது. 2020 மார்ச் நடுவில் அமெரிக்காவில் க்ரூஸ் கப்பல்கள் நின்றன. 2021 ஜூன் கடைசியில்தான் அங்கிருந்து பெரிய கப்பல்கள் பயணிகளோடு கிளம்பத் தொடங்கின. வருமானமில்லாத அந்தப் பதினைந்து மாதங்களில் கப்பல்களைப் பராமரிக்கக் கடன் வாங்கியாக வேண்டியிருந்தது. கார்னிவல் குழுமத்தின் கடன் மட்டும் 3,000 கோடி டாலரைத் தாண்டியது. கப்பல்கள் திரும்பிய வேளையில் விலைவாசி ஏறியது. 2022-ல் அமெரிக்காவில் உணவுப் பொருள் விலை ஒரே ஆண்டில் 9.9 சதவீதம் உயர்ந்தது. முட்டை விலை உயர்வு 32 சதவீதம்.

இத்தனைக்கும் நடுவில் சாப்பாட்டுச் செலவு வெட்டப்பட்டதா? இந்த நிறுவனங்கள் பங்குச் சந்தையில் இருப்பவை. ஆண்டறிக்கையில் உணவுச் செலவைத் தனி இனமாகக் காட்டுகின்றன. ராயல் கரீபியன் குழுமத்தின் கணக்கை எடுத்துப் பார்க்கலாம்.

2019-ல் அது உணவுக்குச் செலவழித்தது சுமார் 58 கோடி டாலர். அந்த ஆண்டின் ‘பயணி-நாள்’ கிட்டத்தட்ட 4.5 கோடி. ஒரு பயணி கப்பலில் கழிக்கும் ஒரு நாளை ஒரு பயணி-நாள் என்று எண்ணுவார்கள். ஏழு நாள் பயணம் போகும் இரண்டு பேர் என்றால் 14 பயணி-நாள். வகுத்தால் ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு 13 டாலர் வருகிறது. 2023-ல் உணவுச் செலவு சுமார் 82 கோடி டாலர், பயணி-நாள் கிட்டத்தட்ட 5 கோடி. ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு பதினாறரை டாலர்.

நான்கு ஆண்டில் கால் பங்குக்குச் சற்று மேல் கூடியிருக்கிறது. அதே நான்கு ஆண்டில் அமெரிக்க உணவு விலைவாசியும் ஏறத்தாழ 25 சதவீதம் ஏறியது. நிறுவனம் மொத்த விலைக்கு வாங்குகிறது, கடைவிலைக் குறியீடு அதற்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் போக்கு தெரிகிறது. பொருளுக்கான செலவு வெட்டப்படவில்லை, விலைவாசியோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. கார்னிவல் குழுமத்தின் உணவுச் செலவும் 2019-ல் 108 கோடி டாலராக இருந்து 2023-ல் 133 கோடியைத் தாண்டியது.

அப்படியானால் குறை சொல்பவர்கள் கற்பனை செய்கிறார்களா? இல்லை. அந்த ஒற்றைச் செலவு எண் மூன்று விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறது.

முதலாவது, அதில் கப்பல் ஊழியர்களின் சாப்பாடும் அடக்கம் என்று ராயல் கரீபியனின் அறிக்கையே சொல்கிறது. ஆகவே பயணியின் தட்டுக்கு வரும் பங்கு பதினாறரை டாலரைவிடக் குறைவு. மூன்று வேளைக்கும் இடைத்தீனிக்கும் சேர்த்து இந்தத் தொகைதான் என்பதைப் படிக்கும்போது, மெயின் டைனிங் ரூமில் கிடைக்கும் ஸ்டேக் ஏன் நகரத்து ஸ்டேக் உணவகத்தில் கிடைப்பதுபோல் இல்லை என்பது விளங்கிவிடும்.

இரண்டாவது, அது பொருளுக்கான செலவு. சமையல்காரர், பரிமாறுபவர் சம்பளம் வேறு இனத்தில் இருக்கிறது. ஆள் குறைந்து வேலை மெலிந்தால் அது உணவுச் செலவில் தெரியாது, தட்டில்தான் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பணம் கப்பலில் எந்தக் கூடத்துக்குப் போனது என்பதை அறிக்கை சொல்வதில்லை. முன்பு மெயின் டைனிங் ரூமும் பஃபேயும் மட்டும் இருந்த கப்பலில் இன்று இருபது இடங்கள். 2024 ஜனவரியில் கிளம்பிய, ராயல் கரீபியனின் ‘ஐகான் ஆஃப் த ஸீஸ்’ கப்பலில் உணவும் பானமும் தரும் இடங்கள் 20-க்கும் மேல். தலைக்கு ஆகும் செலவு மாறாமல், அதைப் பங்குபோடும் சமையலறைகள் மட்டும் பெருகினால் பழைய கூடத்தின் பங்கு சுருங்கத்தான் செய்யும். நல்ல சமையல்காரரும் அப்படித்தான். திறமையானவரை நிறுவனம் பணம் ஈட்டும் உணவகத்துக்கு அனுப்பும்.

ஏன் பணம் ஈட்டும் உணவகம் அவ்வளவு முக்கியம்? 2023-ல் ராயல் கரீபியன் குழுமத்தின் மொத்த வருமானம் சுமார் 1,390 கோடி டாலர். அதில் டிக்கெட்டிலிருந்து வந்தது 957 கோடி. மீதி 433 கோடி, அதாவது பத்தில் மூன்று பங்கு, மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா, இணையம், ஸ்பெஷாலிட்டி உணவகம் போன்றவற்றிலிருந்து வருகிறது. டிக்கெட் வாங்கிய பயணி மெயின் டைனிங் ரூமில் எவ்வளவு திருப்தியாகச் சாப்பிட்டாலும் அன்றைக்கு நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு காசும் வராது. அவர் அங்கே கொஞ்சம் அலுத்துப்போனால் மூன்றாம் நாள் ஸ்டேக் உணவகத்தில் இடம் பிடிப்பார். யாரோ திட்டமிட்டுத் தரத்தைக் கெடுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பொதுக் கூடத்தைச் சிறப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நெருக்கடி இந்த ஏற்பாட்டில் இல்லாமல் போய்விட்டது என்கிறேன்.

கடலில் சமைப்பதன் வரம்புகள்

எல்லாவற்றையும் காசுக் கணக்கில் தள்ளுவதும் நியாயமாகாது. கப்பல் சமையலறைக்குக் ‘கேலி’ என்று பெயர். அது ஹோட்டல் சமையலறை போன்றது அல்ல, கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்குத்தான் நெருக்கம். ஐகான் போன்ற கப்பலில் அறைக்கு இருவர் வீதம் கணக்கிட்டாலே 5,600 பேர் வருகிறார்கள், குழந்தைகளோடு முழுக்க நிரம்பினால் 7,600 பேர். ஊழியர்கள் இன்னும் 2,350 பேர்.

இரவு 6 மணிப் பந்திக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உட்காரும்போது ஸ்டேக்கை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சுட முடியாது. முன்கூட்டியே இருபுறமும் சூட்டுக்கோடு விழும் அளவுக்குச் சுட்டு, தட்டுத்தட்டாக அடுக்கி, பந்தி தொடங்கியதும் நீராவியும் வெப்பமும் கலந்த பெரிய அடுப்புகளில் முடிக்கிறார்கள். ‘மீடியம் ரேர்’ (உள்ளே சிவப்பாக இருக்கும்படி குறைவாகச் சுட்டது) கேட்டவருக்கும் ‘மீடியம்’ (அதைவிடச் சற்று அதிகம் சுட்டது) கேட்டவருக்கும் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் இறைச்சி வருவதற்கு இதுதான் காரணம். ஸ்பெஷாலிட்டி உணவகத்தில் ஒரு நேரத்தில் நூறு, நூற்றைம்பது பேர்தான். அங்கே ஒவ்வொன்றையும் கேட்டபடி சுடலாம். இறைச்சியின் தரம் ஒன்றாகவே இருந்தாலும் ருசி வேறாகத்தான் இருக்கும்.

எரிவாயுத் தீ கிடையாது. தீ விபத்துக்கு அஞ்சி கப்பலில் எல்லாமே மின் அடுப்பு. வாணலியில் தீ எழும்பச் செய்யும் சீனச் சமையலும், கரி மணம் ஏறும் தந்தூரியும் கடலில் கொஞ்சம் மங்கித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரக்கு ஏற்றும் நாள் வாரத்துக்கு ஒன்று. ஏழு நாள் பயணக் கப்பல் காலையில் துறைமுகத்துக்கு வந்து மாலையில் கிளம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் பழையவர்கள் இறங்கி, புதியவர்கள் ஏறி, ஒரு வாரத்துக்கான அரிசி, மாவு, முட்டை, காய்கறி எல்லாம் ஏற வேண்டும். முதல் நாள் ஏற்றிய கீரைதான் பெரும்பாலும் ஆறாம் நாள் சாலட்டிலும் இருக்கும். பயணத்தின் கடைசி இரண்டு நாட்களில் பழமும் சாலட்டும் வாடித் தெரிவதைப் பல பயணிகள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள்.

சுகாதார விதிகளும் உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1975 முதல் ஒரு கப்பல் சுகாதாரத் திட்டத்தை நடத்துகிறது. சொல்லாமல் வந்து சோதிப்பார்கள். 100-க்கு மதிப்பெண். 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் தோல்வி. குளிர்ந்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறக் கூடாது, சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. பஃபேயில் முட்டைப் பொரியல் காய்ந்து கிடப்பதற்கும் சோறு விறைத்துப்போவதற்கும் இந்தச் சூட்டில் நீண்ட நேரம் வைத்திருப்பது ஒரு காரணம். ஆயிரக்கணக்கானோர் அடைந்து கிடக்கும் கப்பலில் வயிற்றுப்போக்கு பரவினால் என்ன ஆகும் என்பதை நினைத்தால், இந்த விதியைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

கருத்து சொல்பவர் யார்?

கருத்துகள் முரண்படுவதற்கு இன்னொரு காரணம் பயணிகளே இரண்டு இனமாகப் பிரிந்திருப்பது.

ஒரு சாரார் இருபது, முப்பது முறை போனவர்கள். அவர்கள் ஒப்பிடுவது பழைய கப்பலோடு. அவர்களுடைய வருத்தத்தில் நினைவின் மெருகு கொஞ்சம் இருக்கலாம். ஆனால் மெனுவில் எது காணாமல் போனது, எதற்குப் புதிதாகப் பணம் கேட்கிறார்கள் என்பதை அவர்களைப் போலத் துல்லியமாகச் சொல்ல வேறு யாருமில்லை. அதனால் அவர்கள் பேச்சை வெறும் பழம்பெருமை என்று தள்ளிவிடக் கூடாது.

இன்னொரு சாரார் முதல் முறை போகும் இளம் குடும்பங்கள். அவர்கள் ஒப்பிடுவது கரையில் இருக்கும் ஹோட்டலோடு. நான்கு பேர் ஒரு வாரம் ஹோட்டலில் தங்கி மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் ஆகும் செலவை வைத்துப் பார்த்தால் கப்பல் அவர்களுக்கு மலிவு. கார்னிவலின் இலவச பர்கர் கடைக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மெயின் டைனிங் ரூமில் இறால் காக்டெய்ல் இல்லை என்று கவலைப்படப்போவதில்லை. நிறுவனங்கள் இன்று குறிவைப்பது பெரும்பாலும் இவர்களைத்தான்.

இதனால் விளைவது

பொதுக் கூடம் மெலிந்ததன் மறுபக்கம், தனிக் கூடங்கள் தடித்தது. மேல்தட்டு அறை எடுப்பவர்களுக்கு மட்டுமான உணவகங்கள் பல கப்பல்களில் வந்துவிட்டன. ராயல் கரீபியனில் ‘கோஸ்டல் கிச்சன்’, செலிப்ரிட்டியில் ‘லுமினே’, எம்.எஸ்.சி. கப்பல்களில் ‘யாட் கிளப்’ பகுதிக்கெனத் தனி உணவகம். மற்றவர்களுக்கு அங்கே சாதாரணமாக அனுமதி இல்லை.

இது முற்றிலும் புதிதும் அல்ல. 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கில் முதல் வகுப்புப் பயணிகளுக்கெனத் தனிக் கட்டண உணவகம் ஒன்று இருந்தது. ஆனால் பயணம் முழுவதும் அங்கேயே சாப்பிடுகிறேன் என்று சொன்னவருக்கு டிக்கெட்டில் ஒரு தொகையைக் கழித்தார்கள். இன்று ஏழு இரவும் தனிக் கட்டண உணவகத்தில் சாப்பிட்டாலும், சாப்பிடாத மெயின் டைனிங் ரூமுக்கான பணம் திரும்புவதில்லை. பயணி ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை கொடுக்கிறார். இதைத் தொழிலின் இயல்பு என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

வேறு வழியே இல்லை என்பதும் சரியல்ல. 2021-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய வர்ஜின் வாயேஜஸ் மெயின் டைனிங் ரூமையும் பஃபேயையும் எடுத்துவிட்டு, சின்னச் சின்ன உணவகங்களை எல்லாம் டிக்கெட்டுக்குள் அடக்கியது. அங்கே பெரியவர்கள் மட்டும்தான் பயணம் செய்யலாம், டிக்கெட்டும் மலிவல்ல. ஓஷியானியா போன்ற நிறுவனங்களும் உயர்ந்த விலைக்கு ஈடாகத் தனி உணவகங்களை அடக்கமாகவே தருகின்றன. சாப்பாட்டுக்கு முன்கூட்டியே முழு விலை வாங்குவதா, மலிவாக ஏற்றிவிட்டுப் பிறகு தவணையாக வாங்குவதா என்பதில்தான் நிறுவனங்கள் பிரிகின்றன.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்னிவலின் மெயின் டைனிங் ரூம் மெனுவில் இந்திய சைவ உணவு நெடுநாளாக இருந்துவருகிறது. ராயல் கரீபியன் போன்றவற்றில் மெனு சுருங்கிய பிறகு முதல் நாளே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. சமையலறையில் இந்தியர்கள் நிறைய இருப்பதால் சொன்னால் பருப்பும் சோறும் ஒரு கறியும் பெரும்பாலும் கிடைத்துவிடும். இதே உதவியைத் தனிக் கட்டண ஸ்டேக் உணவகத்தில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் குறைசொல்லப்படும் பொதுக் கூடமே நமக்குத் தோது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய, இந்திய நிறுவனமான கார்டீலியாவின் கப்பலில் நிலைமை வேறு. அங்கே இந்தியப் பயணிகளை மனதில் வைத்தே மெனு அமைகிறது, ஜைன உணவும் உண்டு.

பயணிகளின் விமர்சனங்களைப் படித்து முன்பதிவு செய்பவர்கள் மூன்றைக் கவனித்தால் போதும். எழுதியவர் எந்தக் கூடத்தில் சாப்பிட்டார், கூடுதலாக எவ்வளவு கட்டினார், எந்த மாதத்தில் போனார். கடைசிக் கேள்வி சின்னதாகத் தோன்றும். ஆனால் மெனு ஆண்டுக்கு ஆண்டு மாறும் தொழிலில், 2022-ல் எழுதிய பாராட்டுக்கும் வசவுக்கும் இன்றைய தட்டோடு சம்பந்தம் இல்லாமல் போயிருக்கலாம்.